மலையிறங்கும் லாரி

சேலத்திலிருந்து வடக்கே பெங்களூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தர்மபுரியை அடைவதற்கு முன் தொப்பூர்க் கணவாய் குறுக்கிடுகிறது. இருபுறமும் குன்றுகள் நிற்க, அவற்றினூடே சாலை வளைந்து வளைந்து செல்கிறது. வடக்கிலிருந்து வருவோர்க்கு அஃது இறக்கம். ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும், அவற்றுக்கும் அப்பாலுள்ள வட மாநிலங்களிலிருந்தும் சரக்கு ஏற்றிக்கொண்டு சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் முதலிய ஊர்களுக்கு வரும் லாரிகளுள் மிகப் பல இவ்வழியாகவே இறங்குகின்றன. பேருந்தில் அமர்ந்து சாளரத்தின் வழியே நோக்கினால், பெரும் பாரம் சுமந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு ஊர்வதுபோல இறங்குவதைக் காணலாம். “இறக்கந்தானே! இன்னும் விரைவாகச் செல்லலாகாதா?” என்று சிறுவர் வினவுவதுண்டு. அவ்வாறு மெல்ல இறங்கும் லாரிகளே பழுதின்றி ஊர்போய்ச் சேர்கின்றன.

2020-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சிமெண்டு மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று இவ்விறக்கத்தில் கட்டுக்கு அடங்காமல் ஓடி, முன்னே நின்ற பல வண்டிகளின்மீது மோதிற்று. நால்வர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் இக்கணவாயில் நிகழ்ந்த விபத்துகள் பல. மலைச்சாலை விபத்து எதுவாயினும் மறுநாள் நம் காதில் விழும் சொல் பெரும்பாலும் ஒன்றே: “பிரேக்குப் பிடிக்கவில்லை.”

அச்சொல் பொய்யன்று. ஆயினும் அது காரணங்களாகிய சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. முதற் கண்ணியைத் தேடிச் சென்றால், அது மலைமீது இராது. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சரக்கு ஏற்றிய கிடங்கின் வாயிலிலோ, வண்டியைப் பழுது பார்க்காமல் அனுப்பிய பட்டறையிலோ, மூன்று நாள் வழியை இரண்டு நாளில் கடக்கவேண்டுமென்று பேசி முடித்த அலுவலகத்திலோ இருக்கும். லாரித் தொழிலில் சட்டம் விதித்துள்ள கட்டுப்பாடுகள் பல. அவை மீறப்படும் இடமும் பெரும்பாலும் சாலையன்று; சாலையில் நடப்பது மீறுதலின் விளைவே. இதனை விளங்கிக்கொள்ள, முதலில் மலையிறங்கும் லாரிக்குள் என்ன நிகழ்கிறது என்று காண்போம்.

உயரத்தில் இருக்கும் பொருள் தன் எடைக்கேற்ற ஆற்றலைத் தன்னுள் கொண்டிருக்கும் என்பதை விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 18.5 டன் எடையுள்ள லாரி ஒன்று ஒரே சீரான வேகத்தில் 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொள்வோம். அது கீழே வருவதற்குள் இழக்கும் ஆற்றல் எங்கே போகும்? சக்கரமும் காற்றும் சிறிதளவை விழுங்கும்; எஞ்சியதைத் தடுத்து நிறுத்தும் கருவிகளே ஏற்று, வெப்பமாக மாற்றியாகவேண்டும். இழக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், நாம் குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 60 லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். இவ்வளவு வெப்பமும் சில நிமிடங்களுக்குள் சக்கரங்களின் உள்ளேயுள்ள பிரேக்கு உருளைகளில் பாய்ந்தால் அவை என்ன ஆகும்? உருளைகள் சூடேறி விரிவடையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் லைனர்கள் தம் பிடியை இழக்கும், புகை கிளம்பும். ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தினும் வண்டி நில்லாது. பிரேக்கு அறுந்துபோகவில்லை, களைத்துப்போய்விட்டது.

இவ்வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் துணைவன் ஒருவன் உண்டு, எஞ்சினே அவன். சிறிய கியரில் வண்டியை இறக்கினால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற நேர்கிறது. அவ்வேலையிலேயே இறக்கத்தின் வேகம் பெரிதும் அடங்கும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். “மலையேறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர்” என்று பழகிய ஓட்டுநர் இளையவர்க்குக் கற்பிப்பது இதனால்தான். இத்துணைவனைத் துண்டித்துவிடும் தீய வழக்கம் ஒன்று நம் சாலைகளில் உண்டு. இறக்கத்தில் கியரை விடுவித்து நியூட்ரலில் வண்டியை உருளவிடுவதும், சில வேளைகளில் எஞ்சினையே நிறுத்திவிடுவதும் அவ்வழக்கமாகும். டீசல் மிச்சமாகும் என்பது அவர்கள் எண்ணம். எஞ்சின் நின்றால் காற்றழுத்தக் கருவியும் நின்றுவிடும். லாரியின் பிரேக்கு இயங்குவதோ காற்றழுத்தத்தால். நாலைந்து முறை மிதித்தவுடன் கலத்திலுள்ள காற்றழுத்தம் குறைந்து போகும்; சுக்கானைத் திருப்ப உதவும் விசையும் இராது. ஒரு வேடிக்கையும் உண்டு. இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் இறங்கினால், டீசல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலோ, அது தான் ஓடுவதற்குரிய டீசலைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். மிச்சப்படுத்துவதாக எண்ணிச் செலவழிப்பவரும் உளர் என்பது இதனால் புலனாகும்.

இனி, இதே லாரியில் வரம்புக்குமேல் நான்கில் ஒரு பங்கு கூடுதலாகப் பாரம் ஏற்றியிருந்தால், இறக்கத்தில் தோன்றும் வெப்பமும் நான்கில் ஒரு பங்கு கூடும். பிரேக்கோ பழைய பிரேக்குத்தான். ஆதலின் அடுத்து நாம் காணவேண்டுவது பாரத்தின் வரம்பு.

லாரியின் மொத்த எடை என்பது வண்டியின் சொந்த எடையும் சரக்கின் எடையும் சேர்ந்தது. அதற்கு ஒரு மேல் வரம்பு உண்டு. அது வண்டியின் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கும். சாலைகளில் நாம் மிகுதியாகக் காணும் ஆறு சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சில் இரண்டு சக்கரங்களும், பின் அச்சில் நான்கு சக்கரங்களும் இருக்கும். 2018-ஆம் ஆண்டுக்கு முன்பு முன் அச்சுக்கு 6 டன், பின் அச்சுக்கு 10.2 டன், ஆக 16.2 டன் என்பது வரம்பாக இருந்தது. அவ்வாண்டில் நடுவணரசு இதனை முறையே 7 டன், 11.5 டன், ஆக 18.5 டன் என உயர்த்தியது. 18.5 டன் சரக்கு ஏற்றலாம் என்று இதற்குப் பொருள் கொள்வோர் சிலர்; வண்டியின் எடையைக் கழிக்க அவர்கள் மறந்துவிடுகின்றனர். எந்த வண்டிக்கும் அதன் பதிவுச் சான்றில் உள்ள எண்ணே முடிவானது. அடுத்த வண்டிக்காரர் எவ்வளவு ஏற்றினார் என்பதன்று.

இதில் கண்ணளவு பயன்படாது. பஞ்சுப் பொதிகளை உயர அடுக்கினாலும் வண்டி எடை வரம்பை எட்டாதிருக்கலாம். இரும்புத் தகட்டுச் சுருளும் கருங்கல்லும் அப்படியல்ல. தளத்தின் பெரும் பகுதி வெறுமையாய்க் கிடக்கும்போதே வரம்பு நிறைந்துவிடும். “வண்டியில் இன்னும் இடம் இருக்கிறதே” என்று சரக்குக்காரர் வற்புறுத்துவது பெரும்பாலும் இத்தகைய சரக்கிலேதான். மணலோ மழையில் நனைந்தால் வழியிலேயே எடை கூடும். எடை மேடையில் நிறுத்துப் பார்த்துச் சீட்டுப் பெறுவதும், தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும் ஓட்டுநர்க்குச் சிறு வேலைகள் அல்ல. மொத்த எடை சரியாக இருந்தும், பாரம் முழுவதும் பின்னால் குவிந்திருந்தால் பின் அச்சின் வரம்பு மீறப்பட்டிருக்கும். முன் சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றாமல், திருப்பத்தில் சுக்கானுக்குப் பணிய மறுக்கும். சரக்கை எங்கே வைப்பது என்பதும் எவ்வளவு வைப்பது என்பதைப் போன்றதே.

அளவு மிஞ்சிய பாரம் சாலைக்கும் பகை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஒட்டாவா என்னும் ஊருக்கருகே, 1958 முதல் 1960 வரை பெரியதோர் ஆராய்ச்சி நடைபெற்றது. அதற்கென்றே பலவகைச் சாலைகளை அமைத்து, படைவீரர்களைக் கொண்டு அவற்றின்மீது லாரிகளை ஈராண்டுக் காலம் ஓயாது ஓட்டிப் பார்த்தனர். அச்சின்மீது உள்ள பாரம் இரு மடங்கானால் சாலையின் தேய்வு இரு மடங்கு ஆவதில்லை; ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்பது அவ்வாராய்ச்சியால் வெளிப்பட்டது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினாலே தேய்வு இரண்டு மடங்காகிவிடும். புதிதாகப் போட்ட சாலை ஒரு மழைக்காலத்திற்குள் குழி விழுந்து கிடப்பதைக் கண்டு போட்டவரையே வைகிறோம். வசைக்குரிய வேறு சிலரும் அவ்வழியே சென்றிருக்கக்கூடும்.

அங்ஙனமாயின் அதிக பாரம் ஏற்றுவது ஏன்? பேராசை என்று ஒரு சொல்லில் கூறி ஒதுக்குதல் நீதியாகாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலால் வாழும் குடும்பங்கள் ஏராளம். ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டுவோரும் அவர்களுள் பலர். மாதந்தோறும் தவணை, டீசல், சுங்கச் சாவடிக் கட்டணம், டயர், வரி, காப்புறுதி ஆகிய செலவுகள் ஒன்றும் நில்லா. போகும்போது பாரம் கிடைத்தாலும் திரும்பும்போது கிடைப்பது உறுதியில்லை. “இரண்டு டன் சேர்த்து ஏற்றினால் வாடகையும் சேர்த்துத் தருகிறேன்” என்று சரக்குக்காரர் கூறும்போது மறுப்பதற்கு மனத்திண்மை வேண்டும். மறுத்தால் அச்சரக்கு அடுத்த லாரிக்குப் போய்விடும் என்பதும் அவர் அறிந்ததே. ஆயினும் அவர் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. நான்கு லாரிகள் சுமக்கவேண்டிய சரக்கை மூன்று லாரிகள் சுமந்தால், நான்காவது லாரி வேலையின்றி நிற்கும். நிற்கும் லாரி மலிவான வாடகைக்கு வரும். மலிவான வாடகை எல்லோருடைய வாடகையையும் கீழே இழுக்கும். கூடுதல் பாரத்தால் வந்த கூடுதல் வருமானம் நெடுநாள் நிலைப்பதில்லை. தேய்ந்த டயரும் ஒடிந்த பட்டை வில்லும் மட்டும் உரிமையாளருக்கே எஞ்சுகின்றன.

சட்டம் இங்கே ஓட்டுநரை மட்டும் குறிவைக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக பாரத்துடன் ஓட்டுபவரையும், ஓட்டுவிப்பவரையும், ஓட்ட இடங்கொடுப்பவரையும் ஒருங்கே குற்றத்துக்கு உள்ளாக்குகிறது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இதற்குத் தண்டம் 20,000 ரூபாய். அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஐந்து டன் மிகுதியாக ஏற்றியவர் 30,000 ரூபாய் இழப்பார். அதோடு முடிவதில்லை. மிகுதியை அவ்விடத்திலேயே இறக்கியாகவேண்டும். இறக்கும் கூலியும் அவரைச் சார்ந்ததே. இறக்கும்வரை வண்டி நகரலாகாது. நிறுத்தி எடைபோட மறுத்துச் சென்றால் தண்டம் 40,000 ரூபாய். முன்பு சில மாநிலங்களில் பணம் கட்டிச் சீட்டுப் பெற்றுக்கொண்டு அதிக பாரத்துடனேயே செல்லும் வழக்கம் இருந்தது. தண்டம் கட்டியதனால் மிகைப் பாரத்துடன் பயணத்தைத் தொடரும் உரிமை கிட்டாது என்று 2005-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையோரத்தில் மறைவாகக் கைமாறும் பணத்தைப்பற்றி இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை. அப்பணம் ஏட்டிலுள்ள எடையைக் குறைக்கலாம். அச்சின்மீதுள்ள எடையை அணுவளவும் குறைக்காது.

லாரியின் சுக்கானைப் பிடிக்கத் தகுதியுடையவர் யார்? மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பதினெட்டு வயது போதும். சரக்கு வண்டி முதலிய போக்குவரத்து வாகனங்களுக்கு இருபது வயது நிரம்பியிருக்கவேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே, போக்குவரத்து வாகனம் பழகுவதற்கான உரிமம் கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்றும் வேண்டும். இவ்வுரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். முன்பு காலம் முடிந்த பின்னும் முப்பது நாள் அது செல்லுபடியாகும் என்றொரு சலுகை இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சலுகை நீக்கப்பட்டது. இதனை அறியாத ஓட்டுநர் பலர் இன்றும் உளர். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்கள் அறிந்தால் நன்று. முடிந்தபின் ஓராண்டுக்கு மேலும் வாளாவிருந்தவர் மீண்டும் ஓட்டிக்காட்டித் தேற வேண்டும்.

சிறு வண்டிகளைப்பற்றி நெடுநாள் ஓர் ஐயம் நிலவிற்று. இலகுரக வாகன உரிமம் மட்டும் உடையவர் சிறிய சரக்கு வண்டியை ஓட்டலாமா என்பதே அது. வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்டதாயின், தனி ஒப்புதல் இன்றியே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு முடிவு கூறிற்று. அவ்வெடைக்கு மேற்பட்ட லாரிகளுக்கு இது பொருந்தாது.

உரிமம் இல்லாதவர் கையில் லாரி செல்வது எவ்வாறு? பெரும்பாலும் இரவில்தான். ஓட்டுநர்க்குக் கண் சொக்குகிறது. பக்கத்தில் கிளீனர் இருக்கிறான். வண்டியைப் பின்னால் எடுக்கவும் ஓரம் கட்டவும் அறிந்தவன். பெரிய சாலையில் ஓட்டிப் பார்க்கும் ஆவலும் உடையவன். “அரைமணி நேரம் பிடித்துக்கொள், தம்பி” என்று சொல்லி ஓட்டுநர் சாய்ந்துகொள்கிறார். அந்த அரைமணியில் விபத்து நேர்ந்தால், உரிமமின்றி ஓட்டியவனும், ஓட்ட விட்டவரும் குற்றவாளிகள் ஆவர். உரிமையாளர் அதற்கு உடந்தை என்று காப்புறுதி நிறுவனம் மெய்ப்பித்தால், அடிபட்டவர் குடும்பத்துக்குக் கொடுத்த இழப்பீட்டுத் தொகையை அந்நிறுவனம் உரிமையாளரிடமே திரும்பப் பெறலாம். 2004-இல் உச்சநீதிமன்றம் இந்நெறியை வகுத்துத் தெளிவுபடுத்தியது. லாரியோடு வீட்டையும் விற்கும் நிலை இதனால் வரக்கூடும்.

ஓட்டுநர் களைத்துப்போனது அவருடைய குற்றமா? 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தொலைவு ஓட்டங்களுக்கு மட்டும் 10 மணி, 54 மணி என விலக்கு அளித்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு கட்டாயம் என்றது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் நாளுக்கு 8 மணி என்னும் அளவே இடம்பெற்றது. ஏட்டில் இவ்வாறிருக்க, சாலையில் பதினான்கு மணி, பதினாறு மணி ஓட்டுவோரைக் காண்பது அரிதன்று. முன்னாளில் நெடுந்தொலைவு லாரிகளில் இரண்டு ஓட்டுநரும் ஒரு கிளீனரும் செல்வர். இப்போது பல லாரிகளில் ஓட்டுநர் ஒருவரே எல்லாமாக இருக்கிறார். அவருக்குப் பேச்சுத் துணையும் இல்லை. விடியலுக்கு முன் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் தானாகவே உறக்கத்தை நாடும். தேநீரும் பாட்டும் அதனை ஓரளவு தள்ளிப்போடுமேயன்றி விலக்கிவிட மாட்டா. மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் லாரி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி இமை மூடினால், ஓட்டுவோர் இன்றியே லாரி 50 மீட்டர் சென்றிருக்கும். மலைச்சாலையில் ஒரு வளைவுக்கு அஃது ஏராளம்.

வேகத்தைக் குறித்து மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. 2015 அக்டோபருக்குப்பின் செய்யப்பட்ட சரக்கு வாகனங்கள் மணிக்கு 80 கிலோமீட்டருக்குமேல் செல்லாவண்ணம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்படவேண்டும் என்பது விதி. அக்கருவியைக் கழற்றிவிடுவோரும் இருக்கின்றனர். வேகம் 40-லிருந்து 60 ஆனால், நிறுத்துவதற்கு வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு அன்று, இரண்டேகால் மடங்கு என்பதை மட்டும் இங்குக் குறித்துச் செல்வோம். இரவில் சாலையோரம் விளக்கின்றி நிற்கும் லாரியும், உடலுக்கு வெளியே இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டு செல்லும் லாரியும் பின்னால் வருவோர்க்கு எமனாக முடிகின்றன. பின்புறம் சிவப்பும் முன்புறம் வெள்ளையுமாக ஒளி திருப்பும் பட்டை ஒட்டவேண்டும் என்றும், வண்டி பழுதாகி நின்றால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கவேண்டும் என்றும் விதிகள் கூறுவது இவர்களை எண்ணியே. பட்டைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சேறு படிந்தால் துடைக்கவேண்டும் என்பதுதான் பலர்க்கு நினைவில் இருப்பதில்லை.

தனியே கூறத்தக்கவை, தீங்கு விளைக்கும் பொருள்களைக் கொண்டு செல்லும் டாங்கர் லாரிகள். சமையல் எரிவாயு, பெட்ரோல், அமிலம், குளோரின் முதலியன இவற்றில் செல்கின்றன. நாமக்கல் வட்டாரத்து எரிவாயு டாங்கர்கள் தென்னாடெங்கும் ஓடுகின்றன. இவற்றை ஓட்டுவோர் ஓட்டுநர் உரிமத்தோடு இதற்கென்றுள்ள பயிற்சியும் பெற்றிருக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். அவர்தம் உரிம ஒப்புதல் மூன்றாண்டுக்கே செல்லும். மீண்டும் பயிற்சி பெற்றே புதுப்பிக்க முடியும். எழுத்தறிவை வற்புறுத்துவது ஏன்? டாங்கரின் பக்கங்களில் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளிருக்கும் பொருளின் பெயர், அதன் தன்மையைக் காட்டும் சாய்சதுரக் குறி, நான்கு இலக்க எண், உதவிக்கு அழைக்கவேண்டிய தொலைபேசி எண் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அந்நான்கு இலக்க எண் உலக நாடுகள் அனைத்துக்கும் பொதுவானது. 1075 என்றால் சமையல் எரிவாயு; 1203 என்றால் பெட்ரோல்; 1017 என்றால் குளோரின். விபத்து நேர்ந்து ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தாலும், தீயணைப்புப் படையினர் அவ்வெண்ணைக் கண்டு தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா, அன்றி ஊராரை அகற்றுவதா என்று முடிவு செய்வர். எண் அழிந்துபோன பலகையோடு செல்லும் டாங்கர், வாய் பேசாத நோயாளியைப் போன்றது. 2012 ஆகஸ்டு 27-ஆம் நாள் இரவு, கேரளத்தில் கண்ணூருக்கு அருகே சாலா என்னுமிடத்தில், எரிவாயு டாங்கர் ஒன்று சாலையின் நடுத்தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு பரவித் தீப்பற்றிற்று. அருகிலிருந்த வீடுகளில் வாழ்ந்தோர் உள்ளிட்ட இருபது பேர் மாண்டனர். சாலையில் செல்லாது வீட்டில் இருந்தவர்க்கும் லாரிச் சட்டம் காவலாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

லாரியில் இருக்கவேண்டிய சான்றுகள் பல. பதிவுச் சான்று, தகுதிச் சான்று, பர்மிட்டு, காப்புறுதி, வரிச் சீட்டு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் என்பன இன்றியமையாதவை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு வண்டிக்குப் பர்மிட்டு வேண்டா. இவற்றை அரசின் மின்னணுச் செயலிகள் வழியே கைப்பேசியில் காட்டினும் ஏற்கப்படும் என்று 2018-இல் விதி திருத்தப்பட்டது. ஆதலால் காகிதம் மழையில் நனைந்தது, வீட்டில் மறந்து வந்தது என்னும் தொல்லைகள் குறைந்துள்ளன. இவற்றுள் தகுதிச் சான்று மட்டும் சற்று நின்று எண்ணத்தக்கது. எட்டாண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் வண்டியைச் சோதித்து இதனை வழங்குவர். சோதனை நாளன்று மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சான்று பெற்றதும் கழற்றிவிடும் தந்திரமும் நடைபெறுவதுண்டு. சோதனை அதிகாரியை அவர் ஏமாற்றலாம். வளைவில் நனைந்து கிடக்கும் சாலையை ஏமாற்ற இயலாது. தகுதிச் சான்று ஒரு நாளின் நிலையையே கூறும். எஞ்சிய நாள்களுக்குச் சான்று கொடுக்க வேண்டியவர் ஓட்டுநரே.

நல்ல ஓட்டுநர் அதனை எவ்வாறு செய்கிறார் என்பதைக் காண விரும்பினால், கணவாய்க்கு வடக்கே சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் சிறிது நேரம் நின்றால் போதும். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் இறங்குகிறார். தேநீர் சொல்லுமுன் சிறு இரும்புத் தடியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு டயரையும் தட்டி ஒலியைக் கேட்கிறார், உட்சக்கரங்களையும் விடுவதில்லை. காற்றுக் குறைந்த டயரின் ஒலி மந்தமாக இருக்கும். சக்கரத்தின் அருகே கையை நீட்டி, அளவுக்கு மீறிச் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார். தார்ப்பாயின் கயிற்றை இழுத்து முடிச்சைச் சோதிக்கிறார். பின்விளக்கைத் துணியால் துடைக்கிறார். பிறகுதான் தேநீர். மீண்டும் ஏறி அமர்ந்து எஞ்சினை முடுக்கியபின், காற்றழுத்தம் காட்டும் முள் மேலேறும்வரை பொறுத்திருக்கிறார். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் பொறுமையிழந்து ஆரன் அடிக்கிறார். இவர் திரும்பியும் பார்க்கவில்லை. முள் தன் இடத்தை அடைந்ததும், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, எஞ்சின் உறுமும் ஓசையோடு லாரி மெல்ல வளைவுக்குள் இறங்குகிறது.